விதையோடு கையுறையும் வேண்டும்

2022 ஜூன் மாதத்தில் இலங்கை அமைச்சரவை ஒரு விசித்திரமான விடுமுறைக்கு ஒப்புதல் கொடுத்தது. அரச ஊழியர்கள் மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் அலுவலகம் வரத் தேவையில்லை. வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம். பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மரக்கறி விலையோ தொட முடியாத உயரம். முந்திய ஆண்டு இரசாயனப் பசளையைத் தடைசெய்து, சில மாதங்களிலேயே அதைத் திரும்பப் பெற்ற அரசுக்கு, மக்கள் தங்கள் வளவுகளில் கத்தரியும் வெண்டியும் போட்டால் நல்லது என்று தோன்றியதில் வியப்பில்லை. வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்வது இந்நாட்டில் புதிதும் அல்ல. 2011இல் தொடங்கிய ‘திவிநெகும’ திட்டமும் பத்து இலட்சம் வீட்டுத்தோட்டங்களைக் கனவு கண்டது. ஆட்சி மாறினாலும் விதைப் பைக்கற்றுகள் மாறுவதில்லை.

இந்த அழைப்புகள் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி விடுபட்டே வந்திருக்கிறது. மண்ணைக் கிண்டப்போகிறவரின் உடல்நிலை என்ன? இலங்கையில் வயதுவந்தோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. அவர்களோடு சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்கள், மூட்டுவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ நீண்டகாலமாக ஸ்டீரொயிட் குளிசை போடுகிறவர்கள், தலசீமியாவோடு வளர்ந்த இளையவர்கள் எல்லோரும் சேர்ந்தால் அது சிறு கூட்டமல்ல. வீட்டில் இருக்கிறவர்களும் இவர்கள்தான். ஓய்வூதியம் எடுத்தவர், வேலைக்குப் போக முடியாதவர், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அம்மம்மா என்று தோட்டம் யார் கையில் இருக்கிறதோ, நோயும் பெரும்பாலும் அவர் உடம்பில்தான் இருக்கிறது.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு.

காரணம், மண்ணில் வாழும் ஒரு பக்டீரியா. ‘பேர்க்கோல்டேரியா சூடோமல்லி’ என்று நீண்ட பெயர். அது உண்டாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். வடகிழக்குத் தாய்லாந்திலும் வட அவுஸ்திரேலியாவிலும் வைத்தியர்களுக்கு அன்றாடம் பழகிய இந்த நோய், இலங்கையில் நெடுங்காலம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 1927இலேயே கொழும்பில் ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகருக்கு இது கண்டறியப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அது அபூர்வத்திலும் அபூர்வமான நோய் என்ற எண்ணமே நிலைத்தது. 2000க்குப் பிறகு கொழும்புப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எனோக்கா கொரேயாவும் அவரது குழுவினரும் நாடளாவிய கண்காணிப்பைத் தொடங்கி, வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் வளரும் ஐயத்துக்குரிய கிருமிகளைத் தங்களுக்கு அனுப்பச் சொன்ன பிறகுதான் உண்மை வெளிவந்தது. தீவின் பல மாகாணங்களிலும் நோயாளிகள் இருந்தார்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் நுண்ணுயிரியல் நிபுணர் வைதேகி பிரான்சிஸ் போன்றோர் உன்னிப்பாகத் தேடத் தொடங்கியதும் கிழக்கிலும் அவர்கள் தட்டுப்பட்டார்கள். அதற்கு முன் எத்தனை பேர் வெறும் ‘நியூமோனியா’, வெறும் ‘செப்டிசீமியா’ என்ற குறிப்போடு இறந்தார்கள் என்பதை இனிக் கணக்கெடுக்க வழியில்லை.

இந்த நோயை முதலில் அடையாளம் கண்டவர்கள் பற்றி ஒரு சிறு விலகல். 1911இல் ரங்கூன் பொது வைத்தியசாலையில் பிரேதங்களை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த இருவர், நுரையீரலிலும் ஈரலிலும் விசித்திரமான சீழ்க்கட்டிகளைக் கண்டார்கள். ஒருவர் அல்பிரட் விட்மோர், மற்றவர் சி. எஸ். கிருஷ்ணசுவாமி. அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்தே கட்டுரை எழுதினார்கள். நோய்க்கோ ‘விட்மோர் நோய்’ என்று பெயர் விழுந்தது. கிருஷ்ணசுவாமியின் பெயர் அடிக்குறிப்போடு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கிருமி கோடையில் மண்ணுக்குள் ஆழமாக ஒதுங்கியிருக்கும். ஆய்வாளர்கள் மண் மாதிரி எடுக்கும்போது ஏறத்தாழ ஓரடி, அதாவது 30 சென்ரிமீற்றர் ஆழம் வரை தோண்டித்தான் எடுக்கிறார்கள். மழை ஊறி நிலத்தடி நீர் மேலே வரும்போது கிருமியும் மேலே வருகிறது. மட்டக்களப்பிலோ ஆண்டு மழையின் பெரும்பங்கு கார்த்திகை முதல் தை வரையான மாரியில் கொட்டுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கில் பத்து இலட்சம் பேர்வரை பாதிக்கப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வாவி பெருகி, வயல் எது வளவு எது என்று தெரியாமல் போகும் அந்த நாட்களும், தோட்டத்துக்கு ‘மண் பதமாக இருக்கு’ என்று கன்று நடுகிற நாட்களும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன.

கிருமி உடம்புக்குள் போக மூன்று வழிகள். தோலில் உள்ள காயம் முதலாவது. கடும் காற்று மழையில் எழும் நீர்த்துகளை மூச்சோடு இழுப்பது இரண்டாவது. கொதிக்கவைக்காத, குளோரின் இடாத தண்ணீரைக் குடிப்பது மூன்றாவது. மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியைக் கண்டு யாரும் ஒதுங்கத் தேவையில்லை. உள்ளே போன கிருமி சராசரியாக ஒரு வாரத்துக்குள், சிலருக்கு மூன்று வாரத்துக்குள் வேலையைக் காட்டும். அபூர்வமாக, ஆண்டுக்கணக்கில் படுத்துக்கிடந்து, உடம்பு தளர்ந்த நேரம் பார்த்து எழும்பும். வியட்நாம் போரிலிருந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குப் பல வருடங்கள் கழித்து நோய் வந்தது இப்படித்தான்.

இங்கே பயப்படுத்துவதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ளவரை இந்தக் கிருமி பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. அப்படி நோய் வந்தாலும் சரியான சிகிச்சை கிடைத்தால் அவர்கள் இறப்பது அரிது. அது தேடிப் பிடிப்பது நோய் எதிர்ப்பு குறைந்தவரை. அதிலும் சீனி வருத்தக்காரருக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பன்னிரண்டு மடங்குவரை அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு கணித்தது. அந்த நோயாளிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தெற்காசியர்.

மட்டக்களப்பு வளவு ஒன்றை நினைத்துப் பாருங்கள். கல்லடியோ களுவாஞ்சிக்குடியோ, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் எங்கே போனாலும் பெரும்பாலும் மணல்தரை. கிணற்றடியில் குளித்த தண்ணீரும் குசினித் தண்ணீரும் ஒரு சின்ன வாய்க்காலாய் ஓடி வாழைப்பாத்தியில் தேங்கும். வாழைக்குப் பக்கத்தில் கொச்சிக்காய்ச் செடி நாலு, வேலியோரம் முருங்கையும் அகத்தியும், ஈரம் பிடித்த இடத்தில் வல்லாரை. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு வீட்டுக்காரி வெறுங்காலோடு அந்த வாய்க்காலுக்குள் இறங்கிச் சேற்றை மண்வெட்டியால் வாரிப் பாத்தியில் போடுவார். வத்தாளங்கிழங்கு கிளறுகிற நாளில் மண்வெட்டி கிழங்கை வெட்டிவிடும் என்று கையாலேயே மண்ணைத் துழாவுவார். நகக்கண்ணுக்குள் மண் ஏறும். கிழங்கின் பக்கத்தில் கிடக்கும் கண்ணாடித் துண்டு விரலைக் கீறினால் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு வேலையைத் தொடர்வார். சீனி வருத்தம் பத்துப் பதினைந்து வருடமாக இருந்து உள்ளங்கால் மரத்துப்போனவராக இருந்தால், முள் ஏறியதே அவருக்குத் தெரியாது. மாலையில் மகள் தரையில் இரத்தப் பொட்டைக் கண்டு கேட்டால்தான் காலைத் திருப்பிப் பார்ப்பார்.

இதில் அவருடைய தவறு என்று ஒன்றும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சொல்லியிருக்க வேண்டிய இடம் எது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வழக்கு. மாதா மாதம் அவர் கிளினிக் போகிறார். கொப்பியை நீட்டுகிறார். சீனி அளவு எழுதப்படுகிறது, மெற்போர்மின் எழுதப்படுகிறது, ‘சோற்றைக் குறையுங்கோ, நடவுங்கோ’ என்று சொல்லப்படுகிறது. காலைப் பாதுகாக்கச் சொல்வதும் உண்டு. ஆனால் ‘தோட்டம் செய்கிறீர்களா?’ என்ற கேள்வி அந்த வரிசையில் இல்லை. மறுபக்கம் விவசாயப் போதனாசிரியர் வருகிறார், கன்று கொடுக்கிறார், கூட்டுப்பசளை செய்யும் முறையை அழகாக விளக்குகிறார். ‘உங்களுக்குச் சீனி வருத்தம் உண்டா?’ என்று கேட்பது அவர் வேலையல்ல. சுகாதாரத் திணைக்களத்துக்கு உடம்பு, விவசாயத் திணைக்களத்துக்கு மண் என்று பிரித்துவைத்திருக்கிறோம். கிருமிக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

வட அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரம் இதற்கு வேறு வழி காட்டியது. 1989 ஒக்டோபரில் பார்ட் கறி என்ற வைத்தியரும் அவரது சகாக்களும் அங்கே ஒவ்வொரு மெலியோய்டோசிஸ் நோயாளியையும் பதிவுசெய்யத் தொடங்கினார்கள். முப்பது ஆண்டுகளில் 1,148 நோயாளிகள். முதல் ஐந்து ஆண்டுகளில் நோயாளிகளில் 31 வீதமானோர் இறந்தார்கள். கடைசி ஐந்து ஆண்டுகளில் அது 6 வீதமாகக் குறைந்தது. விரைவாகக் கண்டுபிடித்ததும், தீவிர சிகிச்சைப் பிரிவு மேம்பட்டதும் இதற்குப் பெரிய காரணங்கள். கூடவே ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் அங்கே ஓர் அறிவிப்பு வரும். தோட்டத்தில் இறங்கும்போது சப்பாத்தும் கையுறையும் போடுங்கள், புயல் மழை நேரம் வீட்டுக்குள் இருங்கள், அழுத்தக் குழாயால் மண்ணைப் பீய்ச்சிக் கழுவ வேண்டாம், காயத்தை மூடுங்கள். இரத்தச் சுத்திகரிப்பில் இருப்பவர்களுக்கு மழைக்காலம் முழுவதும் தடுப்பு மருந்தாகக் கோ-ட்ரைமொக்சசோல் கொடுக்கும் நடைமுறையும் அங்கே உண்டு. டார்வினும் மட்டக்களப்பும் காலநிலையில் பெரிதாக வேறுபட்டவை அல்ல. பணத்தில் வேறுபாடு இருக்கிறது, உண்மை. ஆனால் வானொலியில் ஓர் அறிவிப்பு வாசிக்க எவ்வளவு பணம் வேண்டும்?

சப்பாத்துப் போடுங்கள் என்று சொல்வது எளிது, போடுவது எளிதல்ல. தாய்லாந்தில் இதையே விவசாயிகளிடம் கேட்ட ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பதில் நேர்மையானது: இறப்பர் சப்பாத்து வெக்கையாக இருக்கிறது, சேற்றில் புதைந்து நடக்கவிடாது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயலுக்கு இறங்குகிறவரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். நெல்வயலுக்கு அது உண்மையான இடைஞ்சல். வீட்டுத்தோட்டத்துக்கு அந்தச் சாட்டு அவ்வளவாகப் பொருந்தாது. கால்மணியோ அரைமணியோ நிற்கிற இடம் அது. காலை வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். கைக்குத் துணிக் கையுறை போதாது. சேற்றுத் தண்ணீரை அது உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவப் போடும் நீளமான இறப்பர் கையுறை எந்தக் கடையிலும் உண்டு, விலையும் தாங்கக்கூடியது. ஓட்டை விழுந்தால் எறிந்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் கையுறையைக் கழுவி, கையையும் காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கால் விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை ஒருமுறை பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் ஒரு சிறு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

எல்லாரும் எல்லா வேலையும் செய்யவும் வேண்டியதில்லை. குடும்பத்தில் நோய் எதிர்ப்பு குறைந்தவர் விதை போடட்டும், கன்றுக்குத் தடி நடட்டும், காய் பறிக்கட்டும், பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். கிடங்கு வெட்டுவது, வாய்க்கால் சேறு வாருவது, எருக்குவியலைப் புரட்டுவது ஆகியவற்றை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். மேசை உயரத்தில் பழைய வாளியிலும் பொலித்தீன் பையிலும் வளர்க்கிற கத்தரிக்குச் சுவை ஒன்றும் குறைவதில்லை. முதுகும் தப்பும்.

எருக்குவியல் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இரசாயனப் பசளைத் தடைக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கூட்டுப்பசளைக் கிடங்கு வந்தது. நல்லதே. ஒழுங்காகச் செய்த குவியல் உள்ளே 55 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகிப் பல கிருமிகளைக் கொன்றுவிடும். வளவு மூலையில் வாழைச் சருகையும் குசினிக் கழிவையும் கொட்டிவைக்கிற குவியல் பெரும்பாலும் அந்தச் சூட்டை எட்டுவதில்லை. காய்ந்த குவியலைப் புரட்டும்போது எழும் தூசியில் அஸ்பஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் வித்திகள் இருக்கும். சாதாரணமானவருக்கு ஒரு தும்மலோடு போகிற விஷயம். புற்றுநோய் மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்தவருக்கும், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கும் அது நுரையீரலில் வேரூன்றலாம். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பூச்சாடி மண் விற்கும் பைகளில் ‘திறக்கும்போது முகக்கவசம் போடுங்கள்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அது அந்த மண்ணில் வளரும் லீஜியனெல்லா என்ற இன்னொரு கிருமிக்காக. கொவிட் காலத்தில் வாங்கி மிஞ்சிய முகக்கவசங்கள் நம் வீடுகளில் இன்னும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. அவற்றுக்கு இது ஓர் உருப்படியான வேலை.

ஸ்டீரொயிட் குளிசை எடுப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று ஸ்ட்ரோங்கிலோய்ட்ஸ் என்ற குடற்புழு. அதன் குஞ்சுகள் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். பிறகு குடலுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். இரண்டாம் உலகப் போரில் பர்மா ரயில்பாதையில் கட்டாய வேலை செய்த பிரித்தானியக் கைதிகள் சிலரின் வயிற்றில் அது பல பத்தாண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தது. ஸ்டீரொயிட் கொடுத்து நோயெதிர்ப்பை அடக்கும்போது இந்தப் புழு கட்டுமீறிப் பெருகி உயிருக்கே உலைவைக்கும். ஒரு சோடிச் செருப்புக்கு இதைத் தடுக்கும் ஆற்றல் உண்டு.

எலிக்காய்ச்சலைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பின் யாழ்ப்பாணத்தில் சில உயிர்களை வாங்கிய ‘மர்மக் காய்ச்சல்’ கடைசியில் எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானது. வயலில் இறங்குவோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் டொக்சிசைக்கிளின் தடுப்புக் குளிசை இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுத்தோட்டக்காரரும், முக்கியமாக எலி நடமாடும் வளவில் வேலை செய்கிறவர், அதைப் பற்றிக் கேட்கலாம். ஆனால் குளிசை போட்டாயிற்று என்று செருப்பைக் கழற்றிவிடக் கூடாது.

சாப்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வல்லாரைச் சம்பல் இல்லாத மட்டக்களப்புச் சாப்பாடு எப்படிச் சாப்பாடு ஆகும்? ஆனால் அது பச்சை இலை; ஈரமண்ணோடு ஒட்டி வளர்வது; பூனை நடமாடும் இடத்திலிருந்து பறிப்பது. பூனையின் கழிவில் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கலாம். புற்றுநோய் மருந்து எடுக்கிற மாதங்களிலும், மாற்றுறுப்புப் பெற்ற தொடக்கக் காலத்திலும் அந்த வல்லாரையைச் சம்பல் போடாமல் சுண்டியோ சொதி வைத்தோ சாப்பிடுவது நல்லது. ருசிக்காரர் மன்னிக்கட்டும். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைப்பதும், வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இட்ட பிறகு பாவிப்பதும் நாம் ஏற்கெனவே அறிந்த விதிகள். மெலியோய்டோசிஸுக்கும் அவையே பொருந்தும்.

இவ்வளவையும் படித்து, ‘அப்படியென்றால் அம்மாவைத் தோட்டத்துக்கே விடக்கூடாது’ என்று பிள்ளைகள் முடிவெடுத்தால் அது பெரிய தவறு. சீனி வருத்தக்காரருக்கு உடலுழைப்பு மருந்துக்குச் சமம். கீமோ எடுத்துக் களைத்துக் கிடப்பவருக்கு ஒரு கன்றின் புதுத் துளிர் கொடுக்கிற தெம்பை எந்தக் குளிசையும் கொடுக்காது. நம் ஊரில் பெண்களுக்கு வளவு என்பது சொந்தமாக அதிகாரம் செலுத்தக் கிடைத்த இடமும்கூட. அதைப் பறிக்க யாருக்கும் உரிமையில்லை. விலக்கு, சில காலங்களுக்கு மட்டும்: வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்த வாரங்கள், மாற்றுறுப்புச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான மாதங்கள், உடம்பில் கதீற்றர் குழாய் இருக்கும் காலம், ஆறாத புண் இருக்கும் நேரம். எத்தனை நாள் என்பதை வைத்தியர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டுப் பெற வேண்டும்.

வைத்தியர்களுக்கும் ஒன்று. மெலியோய்டோசிஸ் கிருமி நடிப்பதில் வல்லது. காசநோய் போல நுரையீரலில் வரும், சாதாரணக் கட்டி போலத் தோலில் வரும், ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ் கட்டும். பென்சிலின், அம்பிசிலின், ஜென்டமைசின் போன்ற வழக்கமான மருந்துகள் பெரும்பாலும் கேட்பதில்லை. செஃப்டசிடிம் அல்லது மெரொபெனெம் ஊசியை இரண்டு வாரமளவு ஏற்றி, பிறகு குறைந்தது மூன்று மாதம் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை போட வேண்டும். இடையில் நிறுத்தினால் திரும்பி வரும். சரியான மருந்தைத் தொடங்க, முதலில் இரத்தத்தையோ சீழையோ வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் வர, நோயாளி மண்ணில் வேலை செய்தவர் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

மாவட்டச் செயலகத்தால் செய்யக்கூடியது மிகச் சிறியது. மாரி தொடங்குமுன், ஐப்பசியிலேயே, சுகாதாரத் திணைக்களமும் விவசாயத் திணைக்களமும் ஒரே மேசையில் இருந்து ஒரே துண்டுப் பிரசுரத்தை எழுதலாம். கிளினிக் கொப்பியில் ‘தோட்டம் செய்பவரா?’ என்று ஒரு வரி சேர்க்கலாம். வீட்டுத்தோட்டத் திட்டங்களில் விதைப் பையோடு ஒரு சோடி இறப்பர் கையுறையும் வைக்கலாம். பத்து இலட்சம் விதைப் பைக்கற்றுக்குப் பணம் கண்டவர்களுக்கு இதற்குப் பணம் இல்லை என்றால் நம்புவதற்கில்லை.

அது நடக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சீனி வருத்தமோ, சிறுநீரக நோயோ, புற்றுநோய் மருந்தோ உள்ள ஒருவர் உங்கள் வீட்டில் தோட்டம் செய்கிறவராக இருந்து, அவருக்கு மாரிக் காலத்தில் இரண்டு மூன்று நாள் விடாமல் காய்ச்சலோ, ஆறாத கட்டியோ, மூச்சுத் திணறலோ வந்தால், பாமசியில் குளிசை வாங்கிப் போட்டுப் பொழுதைப் போக்காமல் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: ‘டொக்டர், அம்மாவுக்குச் சீனி வருத்தம். போன கிழமை தோட்டத்தில் சேறு வாரினவ.’